திக்கலா, தேடலா? இரண்டு மொழிகளுக்கு நடுவே வளரும் பிள்ளையின் பேச்சு



ஏற்காடு டவுனைத் தாண்டி உள்ளே போனால் மாரமங்கலம் ஊராட்சி வரும். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏறியிருக்கும். அடியில் காப்பிச் செடி. அங்கே ஒரு தோட்டத்தில் ரைட்டராக வேலை பார்க்கும் சகோதரர் சென்ற ஆண்டு மழைக்காலத்தில் என்னைத் தம் வீட்டுக்கு அழைத்திருந்தார். அஸர் தொழுதுவிட்டு உட்கார்ந்தோம். தேநீர் வருவதற்கு முன்பே இளைய மகனின் பள்ளி டைரியை எடுத்து நீட்டினார்.

பையனுக்கு ஐந்தரை வயது, யு.கே.ஜி. டைரியில் எழுதியிருந்ததன் சாரம் இதுதான்: பிள்ளைக்குத் திக்குவாய் இருக்கிறது, இனி வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசுங்கள், மற்ற மொழிகளை நிறுத்திவிடுங்கள்.

"மக்தபையும் நிறுத்திடலாமா ஹஜ்ரத்? அரபி வேற சேருதேன்னு வீட்ல பயப்படுறாங்க" என்றார் அவர்.

அந்த வீட்டின் மொழிக் கணக்கைக் கேளுங்கள். அத்தாவுக்குத் தமிழ். அம்மாவின் ஊர் வாணியம்பாடி, தாய்வழியில் உருது. நானி வந்தால் இரண்டு மாதம் தங்குவார். அவருக்குத் தமிழ் அரைகுறை. பள்ளியில் ஆங்கிலம். சனி, ஞாயிறு மக்தபில் அரபி எழுத்து. வாசலுக்கு வெளியே தோட்டத்து மலையாளிப் பிள்ளைகளோடு விளையாட்டு. (இங்கே மலையாளி என்றால் கேரளத்தவர் அல்லர், தமிழ் பேசும் சேர்வராயன் மலைப் பழங்குடி மக்கள். வெளியூர்ச் சகோதரர்கள் இதில் அடிக்கடி குழம்புவதால் சொல்கிறேன்.)

திரைக்குப் பின்னாலிருந்து அந்தத் தாய் கேட்டார்: "எங்கம்மாகிட்ட உருது பேசாதேன்னு இந்தப் புள்ளைக்கு நான் எப்படிங்க சொல்றது?"

நான் பையனைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கதை கேட்டேன். "நான், நான், நான் வந்து, அந்த வேன்ல... வேன் அங்கிள் இருக்காங்கல்ல, அவங்க, அவங்க ஸ்டாப் பண்ணிட்டாங்க. ஏன்னா அது, அது வந்து, பெரிய... பெரிய பஃபலோ... இல்ல, காட்டெருமை!" சொல்லி முடித்து, கைகளை விரித்துக் கொம்பின் அகலத்தைக் காட்டினான். கண்ணில் மகிழ்ச்சி. ஒரு இடத்திலும் அவன் சிரமப்படவில்லை, வெட்கப்படவும் இல்லை.

நான் பேச்சு மருத்துவம் படித்தவன் அல்லன். மதரஸாவில் ஓதி, பிறகு கலைக் கல்லூரியில் பட்டம் வாங்கியவன். ஆனாலும் இந்தப் பையன் திக்கவில்லை, சொல்லைத் தேடுகிறான் என்று எனக்குத் தோன்றியது. எனக்குத் தோன்றியதை நம்பி ஒரு குடும்பம் முடிவெடுக்கக் கூடாது என்பதால் படித்தேன், துறை சார்ந்தவர்களைக் கேட்டேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். அந்த வீட்டில் இன்னொரு பிள்ளையும் இருந்தான். அவனைப் பற்றிப் பிறகு வருகிறேன். இந்தக் கட்டுரையை எழுத வைத்தவன் அவன்தான்.

தேடும் நாக்கு

பேசும்போது தடை படாத மனிதர் இல்லை. "அது வந்து", "என்னன்னா" என்று இழுக்கிறோம். பாதியில் நிறுத்தி வேறு மாதிரி தொடங்குகிறோம். நான்கு, ஐந்து வயதில் இது இன்னும் கூடுதல், ஏனென்றால் சொல்ல நினைப்பது நீளமாகவும் கைவசம் இருக்கும் வாக்கியம் குட்டையாகவும் இருக்கும் வயது அது.

இரண்டு மொழிப் பிள்ளைக்கு ஒரு வேலை கூடுதலாக இருக்கிறது. ஒரே பொருளுக்கு இரண்டு பெயர் மனதில் எழும். எதிரில் இருப்பவர் யார் என்று பார்த்து ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை ஒதுக்க வேண்டும். வாக்கியத்தின் கட்டும் வேறு. தமிழில் "யானை வாழையைச் சாய்த்தது" என்று வினை கடைசியில் வரும். ஆங்கிலத்தில் அது நடுவில் வந்துவிடும். பெரும்பாலான அரபி வாக்கியங்களில் முதலிலேயே வந்து நிற்கும். நம் தமிழுக்குள்ளேயே வீட்டில் "வந்துச்சு", புத்தகத்தில் "வந்தது". இத்தனையையும் நொடியில் தீர்க்கிற பிள்ளை "நான், நான், நான்" என்று மூன்று முறை சொல்லி நேரம் வாங்கிக்கொள்கிறது.

நம் முன்னோர் இந்த வேறுபாட்டைக் கவனித்திருக்கிறார்கள். ஹிஜ்ரி 255-ல் மறைந்த பஸராவின் அல்ஜாஹிழ், 'அல்பயான் வத்தப்யீன்' என்ற நூலில் நாவின் குறைகளைத் தனித்தனிப் பெயரிட்டுப் பிரிக்கிறார். 'தா' எழுத்தில் சிக்கித் திரும்பத் திரும்பச் சொல்வது தம்தமா. 'ஃபா'வில் சிக்குவது ஃபஃபஆ. அந்த அளவுக்குப் போகாமல் பேச்சு கனத்துத் தடைபடுவது ஹுப்ஸா. முதல் மொழியின் பழக்கம் நாக்கை இழுப்பதால் அரபியில் வரும் பிசிறு லுக்னா. இரண்டு மொழி சேர்வதால் வருவதும் நாக்கே தடுமாறுவதும் ஒன்றல்ல என்று சுமார் 1,150 ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் எழுதிவைத்திருக்கிறார். ஒரு நாவில் இரண்டு மொழிகள் சந்தித்தால் ஒன்று மற்றதற்கு அநீதி செய்யும் என்ற கருத்தும் அவருக்கு உண்டு. ஆனால் அதே இடத்தில் மூஸா இப்னு ஸய்யார் அல்அஸ்வாரி என்ற குர்ஆன் விரிவுரையாளரை உலக அதிசயம் என்கிறார்: வலப்பக்கம் அரபிகள், இடப்பக்கம் பாரசீகர்கள் அமர்ந்திருக்க, ஒரே வசனத்தை இரு பக்கமும் திரும்பி இரு மொழியிலும் விளக்குவாராம். எந்த மொழியில் அவர் அதிகத் தேர்ச்சி உடையவர் என்று யாராலும் சொல்ல முடியவில்லையாம்.

அளவுகோலில் உள்ள கோளாறு

பள்ளி ஆசிரியரை நான் குறை சொல்ல வரவில்லை. தேர்ந்த நிபுணர்களே தவறும் இடம் இது.

டெக்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கோர்ட்னி பேர்ட் என்பவரும் உடன் பணியாற்றியோரும் 2015-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஸ்பானிஷ், ஆங்கிலம் இரண்டும் பேசி வளரும் 18 பிள்ளைகள். ஒருவருக்கும் திக்குவாய் கிடையாது. ஆங்கிலம் மட்டும் பேசும் பிள்ளைகளை வைத்து உருவான அளவுகோல் ஒன்று உண்டு: நூறு சொல் பேசினால் அதில் திக்கலைப் போன்ற தடை மூன்றுக்கு மேல் போனால் கவனிக்க வேண்டும். இந்தப் பிள்ளைகளின் பேச்சை எண்ணியபோது நூற்றுக்கு 3 முதல் 22 வரை வந்தது. அந்த அளவுகோலை அப்படியே வைத்தால் நல்ல பிள்ளைகள் எல்லாரும் திக்குவாய் ஆகிவிடுவார்கள். அதே ஆண்டில் அவர் பங்கேற்ற மற்றோர் ஆய்வில், இரு மொழியும் அறிந்த பேச்சுப் பயிற்சியாளர்கள் 14 பேருக்கு இரண்டு பிள்ளைகளின் பேச்சுப் பதிவைக் கேட்கக் கொடுத்தார்கள். ஒரு பிள்ளைக்குத் திக்குவாய் உண்டு, மற்றதற்கு இல்லை. இல்லாத பிள்ளையைப் பெரும்பாலோர் உண்டு என்று குறித்தார்கள்.

தமிழுக்கு இந்த அளவுகோல் இன்னும் பொருந்தாது. ஆங்கிலத்தில் மூன்று சொல்லாக வருவது நமக்கு "வந்துகொண்டிருந்தேன்" என்று ஒரே சொல். நூறு சொல் என்றால் எதை நூறு என்று எண்ணுவது?

இரண்டு மொழி திக்குவாயை உண்டாக்கும் என்ற பேச்சு எங்கிருந்து வந்தது என்றும் தேடிப் பார்த்தேன். 1937-ல் அமெரிக்காவின் ஈஸ்ட் சிகாகோ பள்ளிகளில் 4,827 பிள்ளைகளைச் சோதித்தார்கள். ஒரு மொழி பேசுபவர்களில் நூற்றுக்கு 1.8 பேர், இரு மொழி பேசுபவர்களில் 2.8 பேர் திக்குவதாகக் கணக்கு வந்தது. அதுதான் பல காலம் மேற்கோளாக ஓடியது. குடியேறியவர் வீட்டுப் பிள்ளைகளின் தேடலையும் திக்கலில் சேர்த்து எண்ணியிருப்பார்களோ என்பது என் சந்தேகம். பிறகு 2009-ல் லண்டனில் பீட்டர் ஹோவெல் குழுவினர், 8 முதல் 12 வயதுக்குட்பட்ட திக்கும் பிள்ளைகள் 317 பேரின் பதிவுகளைப் பார்த்தார்கள். ஐந்து வயதுவரை வீட்டு மொழி மட்டும் பேசிய பிள்ளைகளுக்குத் திக்கல் குறைவாகவும் குணமாவது அதிகமாகவும் இருந்ததாக எழுதினார்கள். மற்ற ஆய்வாளர்கள் இதற்கு மறுப்பு எழுதினார்கள். சரி, மறுப்பை விட்டு ஆய்வையே ஏற்றுக்கொண்டாலும் அது என்ன சொல்கிறது? வீட்டு மொழி முதலில் என்றுதான் சொல்கிறது. வீட்டு மொழியை நிறுத்தி ஆங்கிலம் பேசு என்ற டைரிக் குறிப்புக்கு இதிலும் ஆதாரம் இல்லை.

வீட்டு மொழியை நிறுத்தினால் நடப்பது வேறு. தாய்க்குச் சரளமாக வராத ஆங்கிலத்தில் அவர் பிள்ளையோடு பேச்சைக் குறைத்துக்கொள்வார். நானியோடு உறவு அறுந்துபோகும். தன் பேச்சில் ஏதோ குற்றம் இருப்பதால்தான் வீடே மாறிவிட்டது என்று அந்தச் சின்ன மனது எண்ணிக்கொள்ளும்.

பெயர் சூட்டுவதால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பழைய, கசப்பான சான்று உண்டு. 1939-ல் அயோவா பல்கலைக்கழகத்தில் வெண்டல் ஜான்சன் என்ற பேராசிரியரின் கீழ் மேரி டியூடர் என்ற மாணவி, டேவன்போர்ட் ஊரின் அநாதை இல்லத்தில் 22 பிள்ளைகளை வைத்து ஆய்வு செய்தார். நன்றாகப் பேசிய ஆறு பிள்ளைகளிடம், உங்களுக்குத் திக்குகிறது, திக்காமல் பேச முடிந்தால் மட்டும் வாயைத் திறங்கள் என்ற பாணியில் சொல்லிக்கொண்டே வந்தார்கள். அவர்கள் உண்மையான திக்குவாயர்களாக ஆகிவிடவில்லை என்று பின்னால் அந்தப் பதிவுகளை ஆராய்ந்தவர்கள் கூறினார்கள். ஆனால் அந்தப் பிள்ளைகள் பேசத் தயங்கினார்கள், ஒதுங்கினார்கள். 2001-ல் அந்தப் பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டது. அநாதைகளின் விஷயத்தில் அல்லாஹ் செய்திருக்கும் எச்சரிக்கைகளை ஓதியவன் என்ற முறையில், இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

உண்மையான திக்கல் எப்படி இருக்கும்

எண்ணிக்கையை வைத்துச் சொல்ல முடியாது என்றால் எதை வைத்துச் சொல்வது? எந்த இடத்தில் உடைகிறது, எவ்வளவு இறுக்கத்தோடு உடைகிறது என்பதை வைத்து.

தேடும் பிள்ளை முழுச் சொல்லையோ சொற்றொடரையோ திருப்பிச் சொல்லும், நிறுத்தி மாற்றும், "அது வந்து" போடும். முகம் இயல்பாக இருக்கும். திக்கும் பிள்ளைக்குச் சொல்லுக்குள்ளேயே உடையும்: "ப்-ப்-ப்-பால்" என்று எழுத்து துள்ளும், "ஸ்ஸ்ஸ்கூல்" என்று முதல் ஒலி நீளும், அல்லது வாய் அந்த எழுத்துக்குத் தயாராகி நின்றும் சத்தமே வராது. இந்த மூன்றாவதைத்தான் பெற்றோர் பெரும்பாலும் தவறவிடுகிறார்கள், காதில் எதுவும் விழாததால். உதடு இறுகும், கண் சிமிட்டும், தலை ஆடும், காலைத் தட்டும். இரண்டு மொழிப் பிள்ளைகளிடமும் சில நேரம் முதல் எழுத்து துள்ளுவது உண்டு. ஆனால் அதில் இறுக்கம் இருக்காது.

இன்னொன்று: உண்மையான திக்கல் பெரும்பாலும் ஒரு மொழியோடு நிற்காது. பெங்களூரின் எம். ஜெயராம் 1983-ல் கன்னடம் மட்டும் பேசும் திக்குவாயர்களையும் கன்னடம், ஆங்கிலம் இரண்டும் பேசுபவர்களையும் ஒப்பிட்டு எழுதியிருக்கிறார். திக்கல் விழும் ஒலிகளின் போக்கு ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. 2008-ல் சிங்கப்பூரில் ஆங்கிலமும் சீனமும் பேசும் திக்குவாயர்கள் 30 பேரைப் பார்த்ததில், கைவந்த மொழியைவிடக் கைவராத மொழியில் திக்கல் கூடுதலாக இருந்தது, இரண்டிலும் இருந்தது. ஆகவே ஆங்கிலத்தில் மட்டும் தடுமாறி, தமிழில் மடமடவென்று பேசும் பிள்ளையைத் திக்குவாய் என்று முடிவு கட்டுவதற்கு முன் இருமுறை யோசிக்க வேண்டும். ஒரு மொழியில் மட்டும் சோதித்து எழுதிக்கொடுக்கும் அறிக்கையையும் அப்படியே நம்பிவிடாதீர்கள்.

பேசத் தொடங்கிய பிள்ளைகளில் ஏறத்தாழ நூற்றுக்கு ஐந்து பேர் ஏதோ ஒரு கட்டத்தில் உண்மையாகவே திக்குகிறார்கள். பெரும்பாலும் 2 வயதுக்கும் 5 வயதுக்கும் இடையில் தொடங்கும். அதில் நான்கில் மூன்று பங்கு சில ஆண்டுகளில் தீர்ந்துவிடும். மீதிப்பேருக்கு நிலைக்கும். பெண் பிள்ளைகளுக்குச் சீக்கிரம் தீருவது அதிகம், ஆண் பிள்ளைகளுக்கு நிலைப்பது அதிகம். இந்த நான்கில் மூன்று என்ற கணக்குதான் நம்மை ஏமாற்றுகிறது. தீர்ந்துபோன பிள்ளைகளை எல்லாரும் பார்த்திருக்கிறோம். ஆகவே எல்லாருக்கும் தீரும் என்று எண்ணிவிடுகிறோம்.

பேசாத பிள்ளை

அந்த வீட்டின் மூத்த பையனுக்கு ஒன்பது வயது. நான் நுழைந்தபோது சலாம் சொன்னேன், அவன் தலையை அசைத்தான். "ரொம்ப அமைதி ஹஜ்ரத், இருக்கிற இடம் தெரியாது" என்றார் தந்தை. பள்ளியிலும் அந்தப் பெயர்தானாம். அவனைப் பற்றி ஒரு நாளும் டைரியில் எழுதி வந்ததில்லை.

பெயர் என்ன என்று கேட்டேன். உதடு மூடியது. கண் இரண்டு முறை அழுந்தி மூடித் திறந்தது. கழுத்து நரம்பு தெரிந்தது. தம்பி முந்திக்கொண்டு அவன் பெயரைச் சொன்னான். பிறகு அவன் தாயிடம் ஏதோ கேட்க வந்து, "ப்..." என்று நின்று, "மில்க்" என்றான். பால் என்ற சொல் வரவில்லை. அதைத் தாண்டிக்கொண்டு பக்கத்து மொழிக்குப் போய்விட்டான். இரண்டு மொழி தெரிந்த திக்கும் பிள்ளைக்கு ஒளிந்துகொள்ள இப்படி ஒரு வழி இருக்கிறது. கேட்பவர்கள் இங்கிலீஷ் மீடியம் பிள்ளை என்று நினைத்துக்கொள்வார்கள். பெயருக்கு மட்டும் மாற்றுச் சொல் கிடையாது, அதனால் அங்கே மாட்டிக்கொள்கிறார்கள்.

இந்தப் பையன் எங்கள் மக்தபில் இரண்டு வருடம் ஓதியவன். யாரும் கவனிக்கவில்லை. காரணம் பிறகுதான் புரிந்தது. கூட்டமாகச் சேர்ந்து சொல்லும்போதும், ராகத்தோடு சொல்லும்போதும் திக்குவாயர்களுக்குத் திக்கல் பெரும்பாலும் மறைந்துவிடும். இது உலகெங்கும் அறியப்பட்ட விஷயம். மக்தபில் பிள்ளைகள் சேர்ந்து ஓதுகிறார்கள், சூராக்களை இழுத்து ஓதுகிறார்கள். அங்கே அவனுக்குத் தடையே இல்லை. தனியாக எழுப்பி ஒரு கேள்வி கேட்டால்தான் தெரியும். கேட்டால் அவன் தெரியாது என்று தலையாட்டிவிடுவான்.

ஒரு விஷயத்தை மறைக்க எனக்கு மனம் வரவில்லை. மூன்று வருடத்துக்கு முன் இவனைப் பற்றி அந்தத் தாய் என்னிடம் கேட்டிருந்தார். துஆ ஓதி ஊதிவிட்டு, "சின்னப் புள்ள, தானா சரியாயிடும்மா" என்று சொல்லி அனுப்பியவன் நான். தன் நாவின் முடிச்சை அவிழ்க்கும்படி மூஸா (அலை) அல்லாஹ்விடம் வேண்டியதை நாம் தாஹா சூராவில் ஓதுகிறோம். அதோடு நின்றுவிடாமல், தெளிவாகப் பேசும் தம் சகோதரர் ஹாரூன் (அலை) அவர்களைத் துணைக்குத் தரும்படியும் கேட்டார்கள். துஆவும் கேட்டார்கள், உதவிக்கு ஆளும் கேட்டார்கள். நான் பாதியைச் சொல்லி அனுப்பிவிட்டேன். அந்தப் பையனுக்கு மூன்று வருடம் போயிற்று.

அந்த வீட்டில் மேலும் விசாரித்தபோது, தாத்தாவின் தம்பிக்குத் திக்குவாய் இருந்தது தெரிந்தது. இது முக்கியமான செய்தி. திக்கல் பயத்தினாலோ கண்ணேறினாலோ வருவதில்லை. நாக்கு தடிப்பதாலும் இல்லை. பேச்சை நேரத்தோடு கோக்கும் மூளைப் பகுதிகளின் வேலையில் உள்ள வேறுபாடு அது. குடும்ப வழியில் வருவது அதிகம். பாகிஸ்தானில் திக்குவாய் அதிகமுள்ள குடும்பங்களை ஆராய்ந்து, அமெரிக்காவின் டென்னிஸ் டிரேனா குழுவினர் 2010-ல் அதோடு தொடர்புடைய மரபணு மாற்றங்களைக் கண்டறிந்து வெளியிட்டார்கள். எல்லாத் திக்கலுக்கும் அவைதான் காரணம் என்று இல்லை. ஆனால் தாயின் வளர்ப்பு சரியில்லை என்று மாமியார் வீட்டில் பேசுவதை நிறுத்த இது போதும். குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் இளையவன் விஷயத்திலும் கண்ணை மூடிக்கொள்ள முடியாது என்பதும் இதிலிருந்து வருகிறது.

வசம்பைச் சுட்டுத் தேனில் உரைத்து நாக்கில் தடவுவது, கூழாங்கல்லை வாயில் போட்டுப் பேசச் சொல்வது, தாயத்து, நாக்கின் அடிநரம்பை வெட்டிவிடுவது என்று நம் வீடுகளில் நடப்பவை எதுவும் திக்கலைத் தீர்க்காது. கூழாங்கல் தொண்டையில் சிக்கினால் உயிருக்கே ஆபத்து.

வீட்டிலும் மக்தபிலும்

"மெதுவா பேசு", "மூச்சை இழுத்துவிட்டுச் சொல்லு", "திருப்பிச் சொல்லு" என்பதை நல்ல எண்ணத்தோடுதான் சொல்கிறோம். பிள்ளையின் காதில் அது நீ தப்பாகப் பேசுகிறாய் என்றுதான் விழுகிறது. நீங்கள் மெதுவாகப் பேசுங்கள். அவன் சொல்லை நீங்கள் முடித்துவைக்காதீர்கள். என்ன சொல்கிறான் என்பதற்குப் பதில் சொல்லுங்கள், எப்படிச் சொல்கிறான் என்பதற்கு அல்ல. விருந்தாளி வந்தால் "அங்கிளுக்கு ஒரு சூரா ஓதிக் காட்டு" என்று மேடை ஏற்றுவதைக் கொஞ்ச நாள் விட்டுவிடுங்கள். எந்த மொழி வாய்க்கு வருகிறதோ அதில் பேசட்டும். "பஃபலோ, இல்ல, காட்டெருமை" என்று கலந்து பேசுவது நோய் அல்ல.

உஸ்தாதுகளுக்கு ஒரு வார்த்தை. நான் ஓதிய காலத்தில் எங்கள் வகுப்பில் ஒருவருக்குத் திக்கும். சபகு கொடுக்கும்போது 'மீம்' எழுத்தில் நின்றுவிடுவார். மறுபடி, மறுபடி என்று எழுப்பி நிறுத்துவார்கள். நாங்கள் கிதாபுக்குப் பின்னால் முகத்தை மறைத்துச் சிரிப்போம். நானும் சிரித்தேன். இரண்டாம் வருடம் அவர் ஊருக்குப் போனார், திரும்பவில்லை. அதே வருடம்தான் நாங்கள் ஆயிஷா (ரலி) அறிவிக்கும் ஹதீஸைப் படித்தோம்: சிரமப்பட்டுத் தடுமாறி ஓதுபவருக்கு இரண்டு கூலி. முஸ்லிமின் அறிவிப்பில் வரும் 'யததஃதஉ' என்ற சொல்லே நாக்கு தட்டித் தட்டிப் போவதைக் குறிக்கும். அதன் இலக்கணத்தை அரை மணி நேரம் படித்த எங்களில் ஒருவருக்கும் பக்கத்துப் பாயில் இருந்தவரின் நினைவு வரவில்லை.

ஃபிக்ஹிலும் இவர்களுக்கு இடம் இருக்கிறது. இமாம் நவவி (ரஹ்) மின்ஹாஜில் தம்தாம், ஃபஃபா ஆகியோரைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார். அவர்கள் இமாமாக நிற்பது மக்ரூஹ், ஆனால் தொழுகை கூடும் என்பது அங்கே உள்ள சட்டம். தன்னையறியாமல் எழுத்து திரும்ப வருவதால் தொழுகை போய்விடுமோ என்று பயந்து தொழுகையையே விட்ட இளைஞரை எனக்குத் தெரியும். அவரிடம் இதை யாரும் சொல்லியிருக்கவில்லை.

எழுத்துக்கூட்டி ஓதும் பிள்ளை காயிதாவில் தடுமாறுவது திக்கல் அல்ல. குன்னாவிலும் மத்திலும் நீட்டி ஓதுவதும் அல்ல. கதை சொல்லச் சொல்லிக் கேட்டால்தான் தெரியும்.

எப்போது, எங்கே

சொல்லுக்குள் உடைகிறது, முகம் இறுகுகிறது, பிள்ளை பேச்சைத் தவிர்க்கிறது என்றால் காத்திருக்க வேண்டாம். திக்கல் ஆறு மாதத்தைத் தாண்டியும் நின்றால், அல்லது மூன்றரை வயதுக்குப் பிறகு தொடங்கியிருந்தால், அல்லது குடும்பத்தில் யாருக்காவது இருந்தால் காட்டிவிடுவதே நல்லது. ஆறு வயதுக்குள் தொடங்கும் பயிற்சிக்குப் பலன் அதிகம். ஆஸ்திரேலியாவின் சிட்னியில் உருவான லிட்கோம் முறையில் பெற்றோரே வீட்டில் தினமும் சிறிது நேரம் பயிற்சி தருகிறார்கள், பயிற்சியாளர் வழிநடத்துகிறார். ஒன்பது வயதிலும் பயிற்சி உண்டு. அப்போது திக்கலை அடியோடு போக்குவதைவிட, பயமில்லாமல் பேசவைப்பது முதல் வேலையாகிவிடும்.

முதலில் காது கேட்கும் திறனைச் சோதிப்பார்கள், அது வழக்கம். பேச்சுப் பயிற்சி தருபவர் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில், அதாவது ஆர்.சி.ஐ.யில் பதிவு செய்தவரா என்று கேளுங்கள், கேட்பது தவறல்ல. பிறந்தது முதல் 18 வயது வரையுள்ள பிள்ளைகளுக்காக 2013-ல் தொடங்கிய ராஷ்டிரிய பால் ஸ்வஸ்திய காரியக்கிரம் திட்டத்தின் கீழ் மாவட்ட அளவில் டி.இ.ஐ.சி. என்னும் ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் உள்ளன. அரசு மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவிலோ காது மூக்கு தொண்டைப் பிரிவிலோ விசாரித்தால் வழி சொல்வார்கள். சென்னை முட்டுக்காட்டில் பல்வகை ஊனமுற்றோருக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனம் இருக்கிறது. மைசூரில் 1965-ல் தொடங்கப்பட்ட அகில இந்தியப் பேச்சு, கேட்டல் நிறுவனம் இந்தத் துறையில் நாட்டின் மூத்த நிலையம். கர்நாடக எல்லையோரக் குடும்பங்களுக்கு அது தூரமும் இல்லை.

போகும்போது ஒன்றைச் செய்யுங்கள். பிள்ளை வீட்டில் இயல்பாகப் பேசுவதை, அவன் பேசும் ஒவ்வொரு மொழியிலும் ஐந்து நிமிடம் போனில் பதிந்து எடுத்துச் செல்லுங்கள். புதிய அறையில், புதிய ஆளிடம், ஒரே மொழியில் பேசும் பத்து நிமிடத்தை வைத்து யாராலும் சரியாகச் சொல்ல முடியாது.

மாரமங்கலத்துச் சகோதரர் இரண்டு பிள்ளைகளையும் சேலத்துக்கு அழைத்துப் போனார். அந்தப் பயிற்சியாளர் தமிழில் கேட்டார், உருதுவில் தாயைப் பேசவைத்துக் கேட்டார், ஆங்கிலத்திலும் கேட்டார். இளையவனுக்கு இப்போது பயிற்சி தேவையில்லை, ஆனால் குடும்பத்தில் இருப்பதால் ஆறு மாதம் கவனிக்க வேண்டும், எந்த மொழியையும் நிறுத்த வேண்டாம் என்று எழுதிக்கொடுத்தார். அந்தத் தாளைப் பள்ளியில் கொடுத்தார்கள். வகுப்பு ஆசிரியை வாங்கிப் படித்துவிட்டு மன்னிப்புக் கேட்டாராம். மூத்தவன் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மலையிலிருந்து இறங்கி வருகிறான். இருபது கொண்டை ஊசி வளைவு, போக வர ஒரு நாள் கூலி. திக்கல் போகவில்லை. சென்ற மாதம் நான் போன் செய்தபோது அவனே எடுத்தான். சலாமுக்குப் பதில் வர நேரம் ஆயிற்று, முழுதாக வந்தது.

இளையவனின் ஆறு மாதம் இன்னும் முடியவில்லை. அவன் அத்தா பதிந்து அனுப்பியதை நேற்று கேட்டேன். நானியிடம் உருதுவில் ஏதோ குரங்குக் கதை. "மைம், மைம், மைம்" என்று ஏழு தடவை.